உப்பைப் படிக்கலாம் வாங்க!
(நீடித்த பொறியியலில் முதுநிலைப் படிப்பு: ஓர் அறிமுகம்)
இறுதியாண்டு மாணவன், டெக்ஸ்டைல் பிராசசிங் துறை



'சஸ்டெயினபிள்' என்ற சொல்லை இன்று நம்ம ஊர் பனியன் கம்பெனி வாசலிலேயே பார்க்கலாம். பெயர்ப் பலகையில் ஒரு பச்சை இலை, பக்கத்தில் அந்தச் சொல். உள்ளே போனால் சில இடங்களில் வேறு கதை. பையர் ஆடிட் வருகிற அன்றைக்கு மட்டும் எல்லோர் முகத்திலும் மாஸ்க். ஆடிட்டர் காரேறியதும் மாஸ்க் பாக்கெட்டுக்குப் போய்விடும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து நமக்கு அந்தச் சொல் மேலேயே ஒரு இளக்காரம் வந்துவிட்டது. "அதெல்லாம் ஃபைல் வேலைடா" என்று சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறோம்.

ஆனால் இதே பெயரில் உலகத்தின் பல பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டம் இருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலும் சுற்றுச்சூழல் பொறியியல், எரிசக்திப் பொறியியல் என்ற பெயர்களில் அதே படிப்பு நடக்கிறது. தமிழில் நீடித்த பொறியியல் என்று சொல்லலாம். ஐ.நா. அமைத்த ஆணையம், நார்வே பிரதமராக இருந்த புருன்ட்லாண்ட் அம்மையார் தலைமையில், 'நமது பொது எதிர்காலம்' என்ற அறிக்கையை 1987-ல் வெளியிட்டது. இன்றைக்கு நம் தேவையைத் தீர்த்துக்கொள்ளும்போது, நாளைக்கு வரப்போகிறவர்களின் வழியை அடைத்துவிடக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அந்தக் கருத்தை எந்திரத்துக்கும் குழாய்க்கும் பாய்லருக்கும் கொண்டுவருவது இந்தப் படிப்பு.

சரி, இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். நமக்குத்தான் இது. ஏன் என்று ஒரு கணக்கோடு சொல்கிறேன்.

ஒரு கறுப்பு டீ-ஷர்ட்டின் கணக்கு

100 கிலோ காடா துணியை சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் போட்டு கறுப்புச் சாயம் ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். லிக்கர் ரேஷியோ ஒன்றுக்கு எட்டு. அப்படியென்றால் ஒரு பாத்துக்கு 800 லிட்டர் தண்ணீர். டார்க் ஷேடு என்பதால் லிட்டருக்கு 60 கிராம் உப்பு. 800-ஐ 60-ஆல் பெருக்கினால் 48 கிலோ. துணியின் எடையில் ஏறக்குறைய பாதி!

ஏன் இவ்வளவு உப்பு? பருத்தி தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் ஏற்படுகிறது. ரியாக்டிவ் சாயமும் தண்ணீரில் கரைந்தால் எதிர் மின்னூட்டம்தான். ஒரே மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். உப்பைப் போட்டால் சோடியம் அயனிகள் நடுவில் நின்று அந்தச் சண்டையை அடக்கி வைக்கின்றன. சாயம் துணிக்குப் பக்கத்தில் போகிறது. அப்புறம் சோடா ஆஷ் போட்டு, 60 டிகிரியில் வைத்தால், சாயம் நூலோடு பிணைந்து கொள்கிறது. உப்பு மட்டும் யாரோடும் பிணையாது. கல்யாணத்துக்குத் தரகர் மாதிரி, வேலை முடிந்ததும் போட்ட 48 கிலோவும் அப்படியே தண்ணியோடு வெளியே வந்துவிடும்.

சாயமும் முழுசாக ஒட்டுவதில்லை. 4 கிலோ சாயம் போட்டு முக்கால் பங்கு பிடித்தால், மீதி ஒரு கிலோ தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகி வெளியே போகும். அதைத் துணியிலிருந்து எடுக்கத்தான் சோப்பிங், ஹாட் வாஷ், கோல்டு வாஷ் என்று பாத் மேல் பாத். பிளீச்சிங்கிலிருந்து கடைசி வாஷ் வரை எட்டு பாத் என்று வைத்தாலே 6,400 லிட்டர். அந்த 48 கிலோ உப்பு 6,400 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 7,500 மில்லிகிராம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியேற்றும் கழிவுநீரில் கரைந்த உப்புக்கு வைத்திருக்கும் எல்லை 2,100 மில்லிகிராம். குடிநீருக்கு 500-க்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

ஒரு கிலோ துணியில் ஐந்து டீ-ஷர்ட் என்று பிரித்தால், ஒரு கறுப்பு டீ-ஷர்ட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ 100 கிராம் உப்பும் 13 லிட்டர் தண்ணீரும் நிற்கின்றன. டீ-ஷர்ட் கப்பலேறி ஹாம்பர்க் போகிறது. உப்பு நம்ம ஊரிலேயே நிற்கிறது.

நொய்யலில் நின்ற உப்பு

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகப் போய், கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது நொய்யல். இதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அது தேக்கி வைத்தது சாயத்தண்ணியை. கொஞ்ச வருஷத்திலேயே, "தயவு செய்து எங்களுக்குத் தண்ணி விடாதீங்க" என்று அணைக்குக் கீழே இருக்கிற விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயி கேட்ட ஊர் வேறு எங்காவது உண்டா என்று தெரியவில்லை. கிணறு உப்பானது, மண்ணும் உப்பானது.

உப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சாக்கடை நீரில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. வடிகட்டியில் மாட்டாது. சுண்ணாம்பு போட்டாலும் அடியில் தங்காது. நல்ல தண்ணீர் கலந்து 2,100-க்குக் கீழே கொண்டுவந்து விடலாமே என்று சிலர் கேட்பார்கள். கலந்தால் மீட்டரில் எண் குறையும், அவ்வளவுதான். ஆற்றுக்குள் போகும் உப்பு அதே 48 கிலோதான்; கூடவே இரண்டரை மடங்குக்கும் மேல் நல்ல தண்ணியும் வீணாகும்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் நீதிமன்றம் போனது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்கு, அதாவது 'ஜீரோ டிஸ்சார்ஜுக்கு', மாற வேண்டும் என்றது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்படியும் நிலைமை மாறாததால் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள்! மின்சார இணைப்பையும் துண்டித்தார்கள்.

எனக்கு அப்போது மூன்று வயது. எங்கப்பா வின்ச்சில் நின்றவர். பட்டறை மூடியபின் பல மாதம் காங்கேயம் பக்கம் தேங்காய்க் களத்துக்குப் போய் வந்தார் என்று அம்மா சொல்லும். அந்த உத்தரவு சரியா தப்பா என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் பேசினால் சண்டைதான் வரும். என் கருத்தைக் கேட்டால், விவசாயி கேட்டது நியாயம். நடுவில் எந்தத் தப்பும் செய்யாத தொழிலாளி நின்றதும் உண்மை. இரண்டு பக்கமும் நஷ்டப்படாத ஒரு வழி தொழில்நுட்பத்தில் இருந்திருக்க வேண்டும். அது பத்து வருஷம் முன்பே வந்திருக்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஆட்கள் அன்றைக்கு நம்ம ஊரில் போதுமான அளவு இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுதவே காரணம்.

பிறகு தமிழக அரசு பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்காக 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அருள்புரம் நிலையத்தில் ஒரு புது முறையைச் சோதித்துப் பார்த்து வெற்றி கண்டார்கள். ஒவ்வொன்றாக நிலையங்கள் திறந்தன. இன்று 18 பொது நிலையங்களும், தனியாகச் சொந்த நிலையம் வைத்திருக்கும் பட்டறைகளும் ஜீரோ டிஸ்சார்ஜில் ஓடுகின்றன. ஒரு முழு ஜவுளி ஊரே இந்த முறைக்கு மாறியதற்கு உலகத்தில் முன்மாதிரி தேடினால் திருப்பூரைத்தான் காட்டுவார்கள். ஊத்துக்குளி ரோட்டில் இருக்கும் நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். குளத்துக்கும் சாயப்பட்டறைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. சாயத்தண்ணிக்குப் பேர் போன ஊரில் வலசைப் பறவைகளுக்கும் உலக அளவில் ஒரு பேர் கிடைத்ததே என்ற சந்தோஷம்தான்.

தண்ணியைக் காய்ச்சுகிற செலவு

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. முதுநிலைப் படிப்பு ஆரம்பிக்கிற இடமும் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நிலையத்துக்கு 1,000 லிட்டர் சாயத்தண்ணி வருகிறது. முதலில் பெரிய தொட்டியில் கலந்து ஒரே சீராக்குகிறார்கள். அடுத்து நுண்ணுயிர்த் தொட்டி. பிறகு தெளிய வைத்து, மணல் வடிகட்டி முதலியவற்றில் விட்டு, நிறத்தையும் எடுத்துவிட்டு ஆர்.ஓ.வுக்கு அனுப்புகிறார்கள். ஆர்.ஓ. 850 லிட்டர் நல்ல தண்ணீரைத் திருப்பித் தருகிறது என்று வைப்போம். அது பட்டறைக்கே போய்விடும். மீதி 150 லிட்டர் ரிஜெக்ட். மேலே போட்ட கணக்குப்படி அந்த 1,000 லிட்டரில் இருந்த ஏழரைக் கிலோ உப்பும் இப்போது இந்த 150 லிட்டருக்குள். அதாவது லிட்டருக்கு 50 கிராம்.

இந்த 50 கிராமை முன்னே எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? சாய பாத்துக்கு நாம் போட்ட உப்பு லிட்டருக்கு 60 கிராம். ரிஜெக்ட் என்று நாம் திட்டுகிற தண்ணி, ஏறக்குறைய சாயம் போடத் தயாரான உப்புத்தண்ணிதான்! அதில் மிச்சமிருக்கும் நிறத்தையும் கடினத்தன்மையையும் எடுத்துவிட்டால் திரும்பவும் டையிங்குக்கே அனுப்பலாம். அருள்புரத்தில் செய்து காட்டியது இந்த யோசனையைத்தான். இது எனக்குப் புரிந்த அன்றைக்கு ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு எளிமையான விஷயத்துக்கா இத்தனை வருஷம் ஆனது என்று தோன்றியது. ஆனால் எளிமை யோசனையில்தான். அந்த நிறத்தையும் கடினத்தையும் எடுக்கிற வேலை எளிமை இல்லை.

எல்லா ரிஜெக்ட்டையும் இப்படித் திருப்ப முடியாது. மீதியைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். 30 டிகிரியில் இருக்கிற ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி. அப்புறம் அதை ஆவியாக்க 540 கிலோ கலோரி. ஆக 610. கொதிக்க வைப்பதைவிட ஆவியாக்குவதற்குத்தான் எட்டு மடங்கு வெப்பம் பிடிக்கிறது. 150 லிட்டருக்கு 91,500. விறகு கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி, பாய்லர் திறன் 70 சதவீதம் என்று போட்டால், கிலோவுக்கு 2,450 கையில் நிற்கும். ஆக 37 கிலோ விறகு வேண்டும். இதைக் குறைக்கத்தான் மல்டிபிள் எஃபெக்ட் எவாப்பரேட்டர். முதல் பாத்திரத்தில் வந்த ஆவியை வைத்து இரண்டாவது பாத்திரத்தைக் காய்ச்சுவது, இரண்டாவதன் ஆவியில் மூன்றாவது. அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவதால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நாலு எஃபெக்ட் வைத்தால் விறகு சுமார் பத்து கிலோவுக்கு வந்துவிடும்.

பத்து கிலோதானே என்று விட்டுவிடாதீர்கள். இது 1,000 லிட்டருக்கு. நாளைக்கு 50 லட்சம் லிட்டர் வரும் நிலையத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 50 டன் விறகு, பத்து டன் ஏற்றுகிற லாரியில் ஐந்து லோடு, தினமும்! இது தாளில் போட்ட கணக்கு. நிஜத்தில் உப்புத்தண்ணியைத் திருப்பிப் பயன்படுத்தியும், ஆவியை கம்ப்ரஸரில் அழுத்தி மறுபடியும் சூடாக்கும் எம்.வி.ஆர். கருவி வைத்தும் இதைக் குறைக்கிறார்கள். எம்.வி.ஆருக்கு விறகு வேண்டாம், கரண்ட் வேண்டும். பல்லடம், தாராபுரம், உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுற்றும் காற்றாலைகளில் பல நம் ஊர் ஏற்றுமதியாளர்கள் போட்டவை. ஆனால் காற்று ஆடியில் அடிக்கிற மாதிரி மார்கழியில் அடிப்பதில்லை.

கடைசியில் மிஞ்சுவது இரண்டு. ஒன்று, ஸ்லட்ஜ். இதைச் சிமென்ட் ஆலைச் சூளைக்கு அனுப்ப ஒரு வழி இருக்கிறது. இன்னொன்று மிக்ஸ்டு சால்ட். சோடியம் சல்பேட், சோடியம் குளோரைடு, கொஞ்சம் நிறம், வேறு என்னென்னவோ எல்லாம் கலந்த அழுக்கு உப்பு. டையிங்குக்கும் ஆகாது, வெளியே கொட்டவும் கூடாது. மழை படாமல் மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்கி வைக்கிறார்கள். ஆற்றிலிருந்து எடுத்த உப்பு இப்போது மூட்டையில் இருக்கிறது.

இந்த மூட்டையை என்ன செய்வது என்று சரியாகச் சொல்கிறவனுக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கும்.

அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள்?

சுற்றுச்சூழல் பொறியியல் எம்.இ. அல்லது எம்.டெக். இரண்டு ஆண்டு. முதல் ஆண்டு பெரும்பாலும் பாடங்கள்: நீர் வேதியியல், நுண்ணுயிரியல், உயிரியல் சுத்திகரிப்பு, ஜவ்வு வழிப் பிரித்தல், திடக்கழிவு, காற்று மாசு. இரண்டாம் ஆண்டு பெரும்பகுதி ஆய்வுத் திட்டம். நாம் மேலே வாய்க்கணக்காகப் போட்டதை அங்கே சமன்பாடு போட்டு, கம்ப்யூட்டரில் ஓட்டி, ஆய்வகத்தில் சரிபார்க்கச் சொல்வார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம் லைஃப் சைக்கிள் அசெஸ்மென்ட். வாழ்நாள் மதிப்பீடு என்று சொல்லலாம். ஒரு பொருள் பிறந்ததிலிருந்து குப்பைக்குப் போகும்வரை எங்கெங்கே எவ்வளவு தண்ணீர், எரிசக்தி, மாசு என்று கணக்கெடுக்கும் முறை. ஐ.எஸ்.ஓ. 14040 என்று இதற்குத் தர விதியே உண்டு. பருத்திக் காட்டில் தெளித்த மருந்து, ஸ்பின்னிங் மில் கரண்ட், டையிங், கப்பல், கடைசியில் ஜெர்மனிக்காரர் வீட்டு வாஷிங் மெஷின் வரை எல்லாம் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடித்த பொருட்களுக்கான எக்கோடிசைன் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் ஜவுளிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வரப்போகிறது. அந்தத் தனி விதிகள் தயாராகிக்கொண்டிருக்கின்றன. பனியனைக் கையில் எடுத்தால் அது எந்தத் தண்ணியில் தோய்ந்தது என்று சொல்லியாக வேண்டும். அப்போது மாஸ்க் மாட்டிக்கொண்டு நிற்பது மட்டும் போதாது, எண் வேண்டும். எண் எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். 2024-25-ல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊரில் அந்த ஆள் வெளியூரிலிருந்துதான் வர வேண்டுமா?

இன்டஸ்ட்ரியல் இக்காலஜி என்று இன்னொரு பாடம். ஒரு ஆலையின் கழிவு அடுத்த ஆலையின் சரக்கு. டென்மார்க்கில் கலுண்ட்போர் என்ற சிற்றூரில் மின் நிலையத்து நீராவி எண்ணெய் ஆலைக்கும் மருந்து ஆலைக்கும் போகிறது என்று எல்லாப் புத்தகத்திலும் உதாரணம் காட்டுவார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம கட்டிங் வேஸ்ட் என்ன ஆகிறது? பனியன் வேஸ்ட் வியாபாரி மூட்டை கட்டி எடுத்துப் போய், நிறம் பிரித்து, பஞ்சாக்கி, ஓ.இ. மில்லில் மறுபடியும் நூலாக வருகிறது. பெயர் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறோம்.

ஆய்வுத் தலைப்புக்கும் நாம் வெளியே அலைய வேண்டியதில்லை. உப்பே இல்லாமல் சாயமேற்ற, பருத்தியின் மின்னூட்டத்தையே மாற்றிவிடும் கேட்டயோனைசிங் முறை இருக்கிறது. ஷேடு ஒரே சீராக வருவதில் இன்னும் சிக்கல். மிக்ஸ்டு சால்ட்டைப் பிரிப்பது பற்றிச் செய்யலாம். லிக்கர் ரேஷியோவை எட்டிலிருந்து ஐந்தாகக் குறைத்தால், அதே செறிவில் உப்பு 48 கிலோவிலிருந்து 30 கிலோ ஆகும். ஒரு புது பிளாண்ட்டும் கட்டாமல் 18 கிலோ மிச்சம்! எந்த மெஷினில், எந்தத் துணிக்கு, மடிப்புக் கோடு விழாமல் இதைச் செய்ய முடியும் என்று சொல்ல மெஷின் பக்கத்தில் நின்றவன் வேண்டும். நேராக பிளஸ் டூவிலிருந்து பி.இ. போனவர் புத்தகத்தில் படிப்பதை நாம் இன்பிளாண்ட் டிரெய்னிங்கிலேயே மூக்கால் முகர்ந்திருக்கிறோம். இதை நான் கர்வமாகச் சொல்லவில்லை. நம்ம ஆட்கள் இதை ஒரு தகுதியாகவே நினைப்பதில்லை என்ற ஆதங்கத்தில் சொல்கிறேன்.

போகிற வழி

டிப்ளமோவிலிருந்து நேராக முதுநிலைக்குப் போக முடியாது; நடுவில் பி.இ. வேண்டும். லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்து கவுன்சலிங் நடத்துகிறது. இங்கே ஒரு விஷயம் முக்கியம்: முதுநிலையில் எதைப் படிக்கப் போகிறோம் என்று இப்போதே யோசித்து பி.இ. கிளையை எடுக்க வேண்டும். சுற்றுச்சூழல் பொறியியலுக்கு சிவில், கெமிக்கல் படித்தவர்களுக்குத்தான் வழி நேர். மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு எரிசக்திப் பொறியியல் பக்கம். டெக்ஸ்டைல் படித்தால் டெக்ஸ்டைல் எம்.டெக்.கில் சேர்ந்து ஆய்வுத் தலைப்பை இந்தப் பக்கம் எடுக்கலாம். எந்தக் கிளைக்கு எது தகுதி என்பதை அந்தந்த ஆண்டின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சீனியர் சொன்னார் என்று நம்ப வேண்டாம்.

வேலையை விட முடியாதவர்களுக்குக் கோவை ஜி.சி.டி. போன்ற சில கல்லூரிகளில் மாலைநேரப் பகுதிநேர பி.இ. உண்டு. டிப்ளமோவுக்குப் பிந்தைய வேலை அனுபவம் கேட்பார்கள். ஷிப்ட் முடித்து, பஸ் பிடித்து, இரவு வகுப்பு என்பது உடம்புக்குக் கஷ்டம்தான். ஆனாலும் போகிறவர்கள் போகிறார்கள்.

லேட்டரலில் போகிறவர்களுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது: கணக்கு. முதலாம் ஆண்டு பி.இ.யில் நடத்தும் கணிதம் நமக்குக் கிடைக்காமலே இரண்டாம் ஆண்டில் போய் உட்காருவோம். கேட் தேர்விலும் முதுநிலையிலும் அதே கணிதம்தான் திரும்பித் திரும்பி வரும். விடுமுறையில் டிஃபரன்ஷியல் ஈக்வேஷனைத் தனியாகப் போட்டுப் பழகிவிடுவது நல்லது. ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டி.இ.எல். வகுப்புகள் இலவசம், கழிவுநீர், வாழ்நாள் மதிப்பீடு என்று எல்லாமே இருக்கின்றன. ஆங்கிலம் முதல் பத்து வகுப்புக்குத் தலை சுற்றும், அப்புறம் சரியாகிவிடும்.

பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுதலாம். 2021-லிருந்து சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியலுக்கென்று தனித் தாளே இருக்கிறது. மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். கேட் மதிப்பெண்ணோடு முழுநேர எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, 24 மாதம். சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. இரண்டிலும் சுற்றுச்சூழல் பொறியியல் உண்டு. கேட் சரியாக வராவிட்டால் அண்ணா பல்கலைக்கழகம் 2023-லிருந்து நடத்தும் சீட்டா பி.ஜி. தேர்வு இருக்கிறது. அதை எழுதி கிண்டியிலும் கோவை ஜி.சி.டி.யிலும் சேரலாம். ஜி.சி.டி. நமக்கு ஒன்றரை மணி நேர பஸ் தூரம்தான்.

வெளிநாடு என்றால் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் இதே 'சஸ்டெயினபிள் இன்ஜினியரிங்' பெயரில் படிப்பு உண்டு. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் கே.டி.எச்., ஜவுளிக்கே பேர் போன போரோஸ் பல்கலைக்கழகம் என்று பட்டியல் நீளும். ஜெர்மனியில் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் விசாவுக்கு ஓர் ஆண்டுச் செலவுப் பணத்தை முன்கூட்டியே வங்கியில் காட்ட வேண்டும். 2025-ல் அது 11,904 யூரோ, ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம் ரூபாய். ஏஜென்ட் இந்த இரண்டாவது வரியை மெதுவாகத்தான் சொல்வார். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் படிப்பு, தங்கல் எல்லாம் அடங்கும், போட்டி அதிகம். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள்.

"இன்னும் எத்தனை வருஷம்டா?"

எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். எங்கள் வீட்டில் நான்தான் முதலில் பத்தாவது தாண்டியவன் என்பதால் வாரம் ஒருமுறை வருகிறது. பக்கத்து வீட்டுப் பையன் செக்கிங்கில் சேர்ந்து, பவர் டேபிளுக்கு மாறி, சனிக்கிழமையானால் சம்பளம் கொண்டுவருகிறான். "அவன் சம்பாரிக்கிறான், நீ படிச்சுக்கிட்டே இருக்கே" என்று மாமா சொல்லும்போது கோபம் வருகிறது; ஆனால் அவர் பொய் சொல்லவில்லை.

அவருக்கு நான் விரலை மடக்கி ஒரு கணக்கு காட்டினேன். பத்தாவதுக்கு மேல் டிப்ளமோ மூன்று, லேட்டரலில் பி.இ. மூன்று, எம்.இ. இரண்டு, மொத்தம் எட்டு வருஷம். பிளஸ் டூ வழியில் போனால் இரண்டு, நாலு, இரண்டு; அதுவும் எட்டுதான். பாலிடெக்னிக் வந்ததால் நாம் ஒரு நாள்கூடப் பின்தங்கவில்லை. நடுவில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் கையில் ஒரு பட்டயமோ பட்டமோ இருக்கும் என்பது கூடுதல். கடைசி இரண்டு வருஷம் உதவித்தொகையும் வரும் என்றதும் மாமா, "சரி, அந்த 12,400-ஐ எழுதிக் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

என் மாதிரி வீட்டில் முதல் ஆளாகப் படிக்கிறவர்களுக்கு, அரசு கவுன்சலிங்கில் பி.இ. சேரும்போது முதல் பட்டதாரிக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. லேட்டரலுக்கும் உண்டு. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், உங்கள் டி.சி. இவற்றோடு அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் படித்திருந்தால் அவர்களுடைய டி.சி.யும் கேட்பார்கள். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை. கவுன்சலிங் அறிவிப்பு வந்தபிறகு ஓடினால் தாலுகா ஆபீஸில் வரிசை நீளமாக இருக்கும். ஆறாம் செமஸ்டர் தேர்வுக்கு முன்பே போட்டு வைத்துவிடுங்கள்.